5000 ரூபாய்க்குள் நம்பகமான எஸ்.எஸ்.டி.: பழைய வீட்டுக் கணினிக்கு எதை வாங்குவது?

தாமிரபரணி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கணினி 2014-இல் பாளையங்கோட்டையில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தியது. இன்டெல் ஐ3-4150, எச்81 மதர்போர்டு, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். வீட்டிலேயே தையல் நிலையம் நடத்துகிறேன்; கணக்கும் வாடிக்கையாளர்களின் அளவுகளும் அதில்தான் இருக்கின்றன. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், அவள் பாடங்களும் அதிலேயே. இவற்றோடு 11 ஆண்டுக் குடும்பப் படங்கள்.

காலையில் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைக்கிறேன். பால் பொங்கி, இறக்கி, காப்பி ஆற்றிக் குடித்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நேற்றுக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: 4 நிமிடம் 20 விநாடி. கணக்குக் கோப்பு திறக்க மேலும் ஒன்றரை நிமிடம்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. (ஃபிளாஷ் சிப்பில் தரவைச் சேமிக்கும் பாகம்) போட்டால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒதுக்கி வைத்திருப்பது 5000 ரூபாய். ஒரு கடையில் நான் கேள்விப்படாத பெயரில் 512 ஜி.பி. காட்டினார்கள். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 240 ஜி.பி.யும் ஏறக்குறைய அதே விலை. இணையத்தில் 2 டி.பி. (டெராபைட், அதாவது 2000 ஜி.பி.) என்று போட்டு, இவை இரண்டையும்விட மலிவாக ஒன்று விற்கிறது. எனக்கு வேகம் பெரிதில்லை. ஒருநாள் திடீரென்று எல்லாம் போய்விடக் கூடாது, அதுதான் கவலை. எதை நம்பி வாங்குவது?

பொரிகடலை

அக்கா, சாட்டா வகை (ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ள அதே கம்பி இணைப்பில் ஓடுவது) வாங்காதீர்கள். அது விநாடிக்கு 550 எம்.பி.க்கு மேல் போகாது. அதைவிடப் புதிய இணைப்பு முறையான என்.வி.எம்.இ. வகை 3500 எம்.பி. போகும், விலையும் ஏறத்தாழ அதேதான். அதைச் செருகும் எம்.2 துளை உங்கள் மதர்போர்டில் இருக்காது. அதற்கென்று ஓர் அடாப்டர் அட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கிராபிக்ஸ் கார்டு போடும் இடத்தில் செருகிவிடலாம்.

ரிச்சித்தெரு

தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்த மதர்போர்டுக்கு அது பொருந்தாது. எச்81 வந்த காலத்து பயோஸுக்கு, அதாவது கணினியை முதலில் எழுப்பும் மதர்போர்டு மென்பொருளுக்கு, என்.வி.எம்.இ. என்பதே தெரியாது. அட்டையைச் செருகினால் விண்டோஸ் திறந்த பிறகு அந்த எஸ்.எஸ்.டி. தெரியும். ஆனால் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்க முடியாது. பயோஸை மாற்றி எழுதிச் சிலர் செய்கிறார்கள். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே போய்விடும். தையல் கணக்கு இருக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கணினி தாமதமாவது வேக எண்ணால் அல்ல. ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் வட்டத் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஊசி ஒரு துண்டைப் படிக்கச் சரியான வளையத்துக்கு நகர வேண்டும். நகர்ந்த பிறகு அந்தத் துண்டு சுற்றிக்கொண்டு ஊசிக்குக் கீழே வரும்வரை சராசரியாக 4 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 12, 13 மில்லிவிநாடி ஆகிறது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்குமிங்குமாகக் கேட்கிறது. எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லாததால் இந்தக் காத்திருப்பு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சாட்டா போட்டாலே உங்கள் வட்டம் நின்றுவிடும். 550-க்கும் 3500-க்கும் உள்ள வேறுபாடு பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். எச்81-இல் நான்கு சாட்டா துளைகள் உண்டு. அவற்றில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம். கையேட்டைப் பார்த்து அந்த இரண்டில் ஒன்றில் செருகுங்கள். விண்டோஸ் நிறுவும் முன்பே பயோஸில் சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கிறதா பாருங்கள். பழைய முறையான ஐ.டி.இ. என்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பொரிகடலை

பயோஸ் விஷயம் எனக்குத் தெரியாது, ஐயா. என் கணினி 2021-இல் வாங்கியது, அதை வைத்துச் சொல்லிவிட்டேன். அக்கா, ரிச்சித்தெரு ஐயா சொல்வதையே கேளுங்கள்.

நொய்யல்

நான் திருமண வீடியோ எடுப்பவன், கோவைப் பக்கம். மலிவு எஸ்.எஸ்.டி.யில் என்ன நடக்கிறது என்று நேரில் கண்டதைச் சொல்கிறேன்.

போன ஆண்டு ஒரு முகூர்த்தத்தின் 90 ஜி.பி. வீடியோவைப் புது எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினேன். முதல் 30 ஜி.பி. 430 எம்.பி. வேகத்தில் பறந்தது. பிறகு திரையில் இருந்த பச்சை வரைபடம் படிக்கட்டில் விழுந்ததுபோல் கீழே இறங்கி 45-இல் நின்றது. ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு. பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடினேன். பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படித்தான்.

ஃபிளாஷ் சிப்பில் தரவு தங்கும் ஓர் அறைக்கு 3 பிட் வைத்தால் டி.எல்.சி., 4 பிட் வைத்தால் க்யூ.எல்.சி. மூன்று பிட்டுக்கு 8 மின்னழுத்தப் படிகளையும் நான்கு பிட்டுக்கு 16 படிகளையும் பிரித்தறிய வேண்டும். படிகள் நெருங்க நெருங்க எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். அதை மறைக்கக் கொஞ்சம் இடத்தை மட்டும் அறைக்கு 1 பிட் என்று வேகமாக எழுதும் திண்ணைபோல ஒதுக்குகிறார்கள். திண்ணை நிறைந்ததும் உண்மையான வேகம் வெளியே வருகிறது. பெட்டியில் அச்சிட்டிருப்பது திண்ணையின் வேகம்.

சகோதரிக்கு ஒரே நாளில் 90 ஜி.பி. எழுதும் வேலை இல்லை. எனவே இது உங்களைத் தொடாது. என்னைப் போன்ற வேலை செய்பவர்கள் மட்டும் டிராம் உள்ள டி.எல்.சி. எஸ்.எஸ்.டி.க்குப் பணம் சேர்க்க வேண்டும்.

தாமிரபரணி

எல்லாருக்கும் நன்றி. டிராம் என்றால் என்ன? எனக்கு அது வேண்டுமா, வேண்டாமா?

ரிச்சித்தெரு

எந்தத் தரவு எந்த அறையில் இருக்கிறது என்று எஸ்.எஸ்.டி. ஓர் அட்டவணை வைத்திருக்கும். அதை வேகமாகப் புரட்ட, தட்டுக்குள்ளேயே தனி நினைவகச் சிப் வைத்தால் அதுதான் டிராம். சாம்சங் 870 ஈவோ, குரூஷியல் எம்.எக்ஸ்.500 இரண்டிலும் உண்டு. கிங்ஸ்டன் ஏ400, குரூஷியல் பி.எக்ஸ்.500 இரண்டிலும் இல்லை. என்.வி.எம்.இ. வகையில் டிராம் இல்லாவிட்டாலும் கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. சாட்டாவில் அதுவும் இல்லை.

பணம் இருந்தால் டிராம் உள்ளதை வாங்குங்கள். 5000-க்குள் நிற்க வேண்டுமென்றால் இல்லாததை வாங்குங்கள், கவலை வேண்டாம். இரண்டு வகையையும் நூற்றுக்கணக்கான வீட்டுக் கணினிகளில் போட்டிருக்கிறேன். கணக்குப் பார்ப்பவர்களுக்கும் பாடம் படிப்பவர்களுக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

கேள்விப்படாத பெயரில் வரும் 512 ஜி.பி.யைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபிளாஷ் சிப்பைத் தாமே செய்பவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான், கியோக்ஸியா, சான்டிஸ்க், சீனாவின் ஒய்.எம்.டி.சி. மற்றவர்கள் சிப்பை வாங்கி அட்டையில் ஒட்டுகிறார்கள். அதில் தவறில்லை, கிங்ஸ்டனும் அப்படித்தான் செய்கிறது. எந்தத் தரத்துச் சிப்பை வாங்குகிறார்கள், பழுதானால் யார் பொறுப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சென்ற மாதம் ஒருவர் செத்துப்போன பெயரற்ற தட்டைக் கொண்டுவந்தார். வாங்கி எட்டு மாதம். பிரித்துப் பார்த்தேன். பெட்டிக்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஓர் அட்டை, அதில் இரண்டு சிப். உள்ளே காலியாக இருப்பது குற்றமில்லை, நல்ல நிறுவனங்களின் தட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு சிப்பிலும் தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தைச் சாம்பல் நிறத்தில் தேய்த்திருந்தார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தும் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. விற்றவரிடம் போனால், இப்போது அந்தப் பெயரில் சரக்கே வருவதில்லை என்றாராம். மூன்றாண்டு உத்தரவாதம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது, முகவரி இல்லை.

அந்த 2 டி.பி.யை நினைக்கவே வேண்டாம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி ஃபர்ம்வேரை (தட்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) மாற்றிய தட்டுகள் சந்தையில் உலவுகின்றன. சிலவற்றைத் திறந்தால் உள்ளே ஒரு மெமரி கார்டுதான் இருக்கும். விண்டோஸ் 2 டி.பி. என்றே காட்டும். உண்மையான இடம் நிறைந்ததும், எழுதியது எழுதியதாகவே தெரியும், திறந்தால் எதுவும் வராது. உங்கள் கவலையே எல்லாம் போய்விடக் கூடாது என்பதுதானே? அது உறுதியாகப் போகும் வழி இது.

யாழ்வாசி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஒருவரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லை.

2022-இல் இங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த மாதங்களில் என் எஸ்.எஸ்.டி. ஒருநாள் பயோஸில் பெயரைக்கூடக் காட்டவில்லை. மேலே ஐயா சொன்ன அட்டவணை எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால், தட்டு தன்னையே தேடிக்கொண்டு நின்றுவிடும். சர்வர்களுக்கான தட்டுகளில் மின்சாரம் போனாலும் கடைசி எழுத்தை முடிக்க மின்தேக்கிகள் வைக்கிறார்கள். வீட்டுத் தட்டுகளில் பொதுவாக இல்லை.

எனது தட்டு திரும்பி வந்தது. தரவுக் கம்பியைக் கழற்றிவிட்டு, மின்கம்பியை மட்டும் இணைத்து அரை மணி நேரம் விட்டேன்; அணைத்துவிட்டு மறுபடியும் அப்படியே. இரண்டாம் முறை பயோஸில் பெயர் வந்தது. அதைக் கண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்பாவின் கடைசிப் படங்கள் அதில் இருந்தன. எல்லாருக்கும் அப்படித் திரும்பி வராது.

அக்கா, யு.பி.எஸ். இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் செலவில் முதலாவது அதுதான். அதன் பற்றரி பழுதாகியிருந்தால் அதை மாற்றுங்கள்.

தாமிரபரணி

யு.பி.எஸ். இருக்கிறது. மின்சாரம் போனால் ஒரு சத்தம் போட்டுவிட்டு உடனே அணைந்துவிடும். அது பேட்டரிதான் என்று இப்போதுதான் புரிகிறது.

மலைக்கோட்டை

ஆயுளைப் பற்றிப் பலரும் பயப்படுவதால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நான் திருச்சியில் ஓர் அலுவலகத்தின் 40 கணினிகளைப் பராமரிக்கிறேன்.

ஒவ்வொரு தட்டுக்கும் டி.பி.டபிள்யூ. என்று ஓர் எண் தருவார்கள். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் செல்லும் என்பது அது. 870 ஈவோ 500 ஜி.பி.க்கு 300, ஐந்தாண்டு உத்தரவாதம். எம்.எக்ஸ்.500 அதே அளவுக்கு 180, ஐந்தாண்டு. ஏ400 480 ஜி.பி.க்கு 160, மூன்றாண்டு. பி.எக்ஸ்.500 480 ஜி.பி.க்கு 120, மூன்றாண்டு. இவற்றில் மிகக் குறைந்த 120-ஐயே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 20 ஜி.பி. எழுதினால் ஆண்டுக்கு 7.3 டி.பி. ஆகிறது, 120-ஐத் தொட 16 ஆண்டுகள். வீட்டில் நாளுக்கு 20 ஜி.பி. எழுதுவது அரிது.

டெக் ரிப்போர்ட் என்ற இணைய இதழ் 2013 முதல் 2015 வரை ஆறு தட்டுகளில் இரவு பகலாக எழுதி எழுதிச் சாகும்வரை சோதித்தது. எல்லாமே 250 ஜி.பி. அளவைச் சேர்ந்தவை. ஆறும் பல நூறு டெராபைட்டைத் தாண்டின. கடைசியாக நின்ற சாம்சங் 840 புரோ 2 பெட்டாபைட்டுக்கும் (2000 டெராபைட்டுக்கும்) மேல் போனது.

அப்படியானால் வீட்டுத் தட்டுகள் ஏன் சாகின்றன? என் அனுபவத்தில் அறைகள் தேய்ந்து செத்த ஒன்றையும் நான் பார்த்ததில்லை. தட்டை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போகிறது, அல்லது ஃபர்ம்வேர் பிழை. குரூஷியல் எம்4 தட்டுகள் 5184 மணி நேரம் ஓடியதும் மணிக்கு ஒருமுறை முடங்கத் தொடங்கின. 2012-இல் புதிய ஃபர்ம்வேர் தந்து சரிசெய்தார்கள். 2019-இல் எச்.பி. என்டர்பிரைஸ் தனது சில சர்வர் தட்டுகள் 32,768 மணி நேரத்தில் முற்றாக நின்றுவிடும் என்று எச்சரித்தது. 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. நேரத்தை எண்ணும் இடம் நிறைந்து வழிந்துவிட்டது, அவ்வளவுதான். விலை உயர்ந்த தட்டுக்கே இந்த நிலை.

ஹார்ட் டிஸ்க் சாகும் முன் சத்தம் போடும், தாமதமாகும், பல நேரம் சில நாள் அவகாசம் தரும். எஸ்.எஸ்.டி. நேற்று இரவு நன்றாக இருந்து இன்று காலை இல்லாமல் போகும். உத்தரவாதம் தட்டைத்தான் திருப்பித் தரும், படங்களை அல்ல. ஆகவே தாமிரபரணி அம்மா கேட்ட கேள்விக்கு என் பதில்: எந்தத் தட்டையும் நம்பாதீர்கள். பெயர் தெரிந்த ஒன்றை வாங்குங்கள், படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள்.

நொய்யல்

அப்படியானால் 240 ஜி.பி. போதும். விண்டோஸும் கணக்கும் அதில், படங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில். மீதிப் பணத்தில் யு.பி.எஸ். பேட்டரி.

மலைக்கோட்டை

அதை நான் ஏற்கவில்லை. அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு 11 வயது. படங்களை அதில் மட்டும் வைப்பதென்றால், வீட்டிலேயே மிகப் பழைய பாகத்திடம் மிக அருமையான பொருளை ஒப்படைப்பது ஆகும். 480 ஜி.பி. வாங்கி எல்லாவற்றையும் அதில் வையுங்கள். பழையதைக் கணினியிலிருந்து கழற்றி யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு, மாதம் ஒருமுறை நகல் எடுத்துவிட்டு அலமாரியில் வையுங்கள். உள்ளேயே இருந்தால் ஒரே மின்னதிர்ச்சியில் இரண்டும் போகும். அது 3.5 அங்குலத் தட்டு, 12 வோல்ட் வேண்டும்; எனவே தனி அடாப்டருடன் வரும் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

நொய்யல்

சரிதான். பழைய தட்டின் வயதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. படங்கள் மொத்தம் எவ்வளவு இருக்கும், சகோதரி?

தாமிரபரணி

பார்த்தேன். 138 ஜி.பி. வீட்டுக்காரர் வேறு ஒரு கேள்வி கேட்கிறார்: விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதே, இந்தப் பழைய கணினியில் ஏன் பணம் போட வேண்டும் என்கிறார்.

ரிச்சித்தெரு

நியாயமான கேள்வி. உங்கள் ஐ3 நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். ஆனால் எஸ்.எஸ்.டி. இந்தக் கணினியோடு போகாது. நாளைக்கு வேறு கணினி வாங்கினால் நான்கு திருகைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம், சாட்டா துளை பெரும்பாலும் இருக்கும். ரேமில் போடும் பணம்தான் திரும்பாது. ஆனாலும் பழைய டி.டி.ஆர்.3 4 ஜி.பி. ஒன்று மலிவாகக் கிடைத்தால் சேர்த்துவிடுங்கள். வங்கி வேலையை மட்டும் இப்போதைக்கு அதில் செய்ய வேண்டாம்.

வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில்லில் தட்டின் தொடர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கடையிலேயே போட்டுப் பாருங்கள். உத்தரவாதம் எப்போது முடிகிறது என்று காட்டும். கடை வாரண்டி என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். குரூஷியல் பெயரில் கடைகளுக்கு விற்பதை நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. விற்ற சரக்குக்கு உத்தரவாதம் தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் பில் கையில் இருக்கட்டும். ஃபிளாஷ் விலை ஏறிக்கொண்டிருப்பதால் மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

தாமிரபரணி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கல்யாண சீசன், ரவிக்கைகள் குவிந்துவிட்டன.

பெயர் தெரிந்த நிறுவனத்தின் 480 ஜி.பி. சாட்டா வாங்கினேன். மூன்றாண்டு உத்தரவாதம், 160 டி.பி.டபிள்யூ. 5000-ஐத் தாண்டிவிட்டது, யு.பி.எஸ். பேட்டரிக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கும் தீபாவளிச் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்தேன். கடைக்காரர் முதலில் வெறும் பில் தந்தார். தொடர் எண் வேண்டும் என்றதும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.

மகள்தான் பொருத்தினாள். விண்டோஸைப் புதிதாகவே நிறுவினாள். 480 என்பது 447 ஜி.பி. என்று காட்டியதும் ஏமாந்துவிட்டோமோ என்று பயந்தேன். நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது என்று அவள் தாளில் போட்டுக் காட்டினாள். தட்டின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 100 விழுக்காடு, ஓடிய நேரம் 2 மணி என்று வந்தது.

இப்போது மேசைத்திரை வர 26 விநாடி. மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.

முதல் நகலும் எடுத்துவிட்டேன், யு.எஸ்.பி. வழியாக ஒன்றரை மணி நேரம் ஆனது. பழைய ஹார்ட் டிஸ்க் இப்போது பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு மேல், துணியில் சுற்றி இருக்கிறது. அங்கே வைக்கலாமா?

மலைக்கோட்டை

வைக்கலாம் அம்மா. அந்துருண்டை மட்டும் பக்கத்தில் வேண்டாம். மாதா மாதம் நகல் எடுத்த பிறகு, நகலிலிருந்து ஏதாவது நான்கைந்து படங்களைத் திறந்து பாருங்கள், வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து. கோப்புப் பெயர் தெரிந்தால் போதாது, படம் முழுதாகத் திரையில் வர வேண்டும்.

தாமிரபரணி

இப்போதே மறுபடி இணைத்துப் பார்த்தேன். 2015, 2018, 2021, மூன்றும் திறந்தன. 2016-இல் ஒரு படம் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யிலும் அப்படியே. பழைய தட்டிலேயே கெட்டுப்போயிருக்க வேண்டும்.

யாழ்வாசி

அக்கா, அந்தப் படத்தை யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்களா? பழைய தொலைபேசி வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள்.

தாமிரபரணி

என் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். அவளிடம் இருக்கிறது. சின்னதாக, கொஞ்சம் மங்கலாக, ஆனால் முழுதாக. இன்று இரவு அனுப்புகிறேன் என்றாள்.